கூப்பிடு தூரத்தில் பொன்மாரி அவென்யூ

மாநகரத்தைத் தொடாமல் அதைச் சுற்றி வளைத்துக்கொண்டு போகிறதே பைபாஸ் சாலை, அதன் மேற்கு ஓரத்தில், ஏரியும் இல்லாமல் வயலும் இல்லாமல் கிடந்த ஒரு பொட்டலை வாங்கி, வெள்ளைக் கல் நட்டு, நுழைவாயிலில் சிமெண்டில் இரண்டு குதிரைகளை நிறுத்தி, அதற்கு ராயல் பொன்மாரி அவென்யூ என்று மனை வியாபாரி கோதண்டம் பெயர் வைத்தபோது, அதை விற்பதற்கு வேண்டிய சொற்களை எழுதிக் கொடுத்தவர் தணிகாசலம். அந்தச் சொற்களைப் படித்து நம்பி முதல் மனையை வாங்கியவரும் அவரேதான்.

இதை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். ஜவுளிக்கடை, நகைக்கடை, பல் கட்டும் இடம், மூல நோய் வைத்தியம் என்று அரை ஆயுளுக்கு நோட்டீசு எழுதியவர். தன் எழுத்தைக் கையில் வாங்காத ஆள் நகரத்தில் இல்லை என்றும், அவர்களில் பாதிப் பேர் அதில் வடையை வைத்து எண்ணெய் பிழிந்து சாப்பிட்டிருப்பார்கள் என்றும் சொல்வார். பொன்மாரி நோட்டீசை எழுதும்போது அதில் எது எது பொய் என்று அவருக்கு வரிவரியாகத் தெரிந்திருந்தது. ஆனால் அது பளபளவென்று அச்சாகி, செய்தித்தாளுக்குள் மடித்து, காலையில் வாசலில் வந்து விழுந்தபோது, காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. சமையலறையில் இருந்த மனைவி அமிர்தவல்லியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இதை நீங்கதானே எழுதினீங்க?" என்றாள் அவள்.

"ஆமா. ஆனா நல்லா எழுதியிருக்குல்ல?"

அந்த நோட்டீசின் உயிர் ஒரு வரியில் இருந்தது. கோதண்டம் முதலில் கேட்டது 'பத்தே நிமிடத்தில் மாநகரம்'. தணிகாசலம்தான் தடுத்தார். "நிமிஷம்னு போட்டா வாட்ச்சைப் பார்ப்பான் முதலாளி. கிலோமீட்டர்னு போட்டா வண்டியில அளந்துடுவான். கூப்பிடு தூரம்னு போடுங்க. அது அவனவன் தொண்டையைப் பொறுத்தது." கோதண்டம் உடனே பையனை அனுப்பிப் பாதாம் பால் வாங்கிவரச் சொன்னார். 'மாநகரம் கூப்பிடு தூரத்தில்' என்று நாலு வண்ணத்தில் அச்சாயிற்று. மனைகள் விற்றன. கடனோ உடனோ வாங்கி வீடுகள் எழும்பின. குடி வந்த பிறகுதான், பைபாஸ் என்பது எங்கும் நிற்காமல் போவதற்காகப் போடப்பட்ட சாலை என்பது குடிவந்தவர்களுக்கு விளங்கியது. பஸ்கள் அவர்கள் கையை நீட்டுவதைப் பார்த்துக்கொண்டே போயின. எதிர்ப்பக்கம் தெரியும் பெட்டிக்கடையில் ஒரு தீப்பெட்டி வாங்க வேண்டுமென்றால் அணுகுசாலையில் வெகுதூரம் போய், தண்ணீர் நின்ற சுரங்கப்பாதையில் புகுந்து, வந்த தூரமே திரும்ப வர வேண்டியிருந்தது. நகரத்து வெளிச்சம் மட்டும் இரவில் கிழக்கே கல்யாண வீடு மாதிரி தெரியும்.

ஆடிக் காற்று அடங்கிய ஒரு காலையில் அந்த வரி பலித்தது.

மூன்றாம் தெரு ஜெய்புன்னிசாவின் வீட்டுக்காரர் காதர் மொய்தீனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்துப் பட்டறையில் வேலை. அன்று அவர் சாப்பாட்டுப் பையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். வெகுநேரம் கழித்துப் பையைப் பார்த்த ஜெய்புன்னிசா, அந்த நேரத்துக்கு அவர் பட்டறையில் இரும்பைக் கடைந்துகொண்டிருப்பார் என்று நினைத்துப் பார்க்காமல், பையோடு ஓடிவந்து, சாலை போட்டபோது மிச்சமான மண்ணைக் கொட்டிக் குவித்திருந்த மேட்டில் ஏறி நின்று, "ஏங்க, சாப்பாட்டை வச்சுட்டுப் போயிட்டீங்களே" என்று கத்தினாள். அடுத்த தெருவிலிருந்து சொல்வது போல, "பரவால்ல, நான் கேண்டீன்ல பாத்துக்கறேன், நீ அதை எடுத்துச் சாப்பிடு" என்று பதில் வந்தது. அவளும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள். பதில் எப்படி வந்தது என்று அவள் யோசிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கூப்பிட்ட உடனேயே அந்த மனுஷன் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை என்பதைத்தான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். அதே நேரத்தில் நகரம் முழுக்க அலுவலகங்களிலும் பட்டறைகளிலும் கணவன்மார்கள் பலர் தலையைத் தூக்கி, தங்கள் பையைத் திறந்து சாப்பாடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்ட விஷயம் பிறகு மெல்ல மெல்லத் தெரியவந்தது.

அந்த வாரத்துக்குள் மண்மேட்டில் ஏறாத ஆள் பொன்மாரியில் இல்லை. மேட்டில் நின்று கூப்பிட்டால் நகரத்தில் எந்த மூலைக்கும் கேட்டது. நகரத்து ஆள் பைபாஸ் இருக்கும் திசையைப் பார்த்து வாயைத் திறந்தால் பொன்மாரியின் எல்லாத் தெருவிலும் கேட்டது. நகரத்துக்கு இது பெரிய தொந்தரவாகத் தெரியவில்லை. ஏற்கெனவே இருந்த சத்தத்தில், தன் பெயரைச் சொன்னால் தவிர அங்கே யாருக்கும் காது திறக்காது. சாலைக்காரர்கள் ஜீப்பில் வந்து, மேட்டைச் சுற்றிப் பார்த்து, தார் நன்றாகத்தான் இருக்கிறது, குழி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு டிவிக்காரர் வந்து அவரும் மேட்டில் ஏறி, மறந்துபோய்த் தன் மேலதிகாரியைப் பற்றி ஏதோ சொல்லிவைக்க, பதில் உடனே வந்ததால் கேமராவை மடக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சிட்டிபாபுதான் குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர். தெருவிளக்கு எரியவில்லை என்றால் கூடப் பொதுக்குழு கூட்டுகிற ஆள். இதற்கும் கூட்டி, விதிகள் வகுத்தார். இனி 'ஏங்க' என்று மொட்டையாகக் கூப்பிடக் கூடாது, நகரத்தில் உற்பத்தி பாதிக்கிறது. வீட்டுக்காரர் பெயரைச் சொல்லும் பழக்கம் இல்லாத பெண்கள் தொழிலையும் இடத்தையும் சொல்லிக் கூப்பிடலாம். பிள்ளைகள் படிக்கிற நேரத்தில் மாமியார் பற்றிய செய்தி கூடாது. சண்டை போடுவதென்றால் ஒரு வீட்டுக்கு ஒரு முறை, வரிசையில் வர வேண்டும். அதன் பிறகு காலை வேளைகளில் மேடு திருவிழாக் கடைத்தெரு மாதிரி ஆகிவிட்டது. அம்பத்தூர் லேத்துக்காரரே வரும்போது இஞ்சி வாங்கிட்டு வாங்க என்றும், தி.நகர் துணிக்கடை மூணாவது மாடி வசந்தி சித்தி உங்களுக்குப் பேரன் பொறந்திருக்கான் என்றும், ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற மாமா மாத்திரையைத் துப்பாதீங்க, நர்ஸம்மா பார்த்துக்கிட்டிருக்காங்க என்றும் குரல்கள் பைபாஸைத் தாண்டிப் போயின, பதில்கள் வந்தன, நடுவில் லாரிகள் எதையும் கேட்காமல் ஓடிக்கொண்டே இருந்தன. பெண் பார்க்க வருவதாக இருந்த திருவொற்றியூர்க்காரர்கள், வராமலே, பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா என்று அங்கிருந்தபடியே கேட்டார்கள். பையனுக்குத் தெரியுமா என்று மேட்டிலிருந்த பெண்கள் எல்லோரும் சேர்ந்து கேட்டார்கள். அந்தச் சம்பந்தம் அதோடு முறிந்தது.

ஆனால் கொஞ்ச நாளில் பொன்மாரிக்காரர்களின் முகங்கள் வாடத் தொடங்கின. செல்போன் என்றால் எடுக்காமல் இருக்கலாம், சார்ஜ் இல்லை எனலாம், டவர் இல்லை எனலாம். காற்றில் வருகிற குரலுக்கு என்ன சொல்ல முடியும்? ஜுரம் என்று லீவு போட்டவர்களை மேலதிகாரிகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இருமிக் காட்டச் சொன்னார்கள். சிட்டிபாபுவின் மைத்துனர் ராயபுரத்தில் தினமும் விடிந்ததும் பைபாஸைப் பார்த்து நின்று செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். அதற்கு அபிப்பிராயமும் கேட்டார். அப்போதுதான் ஒரு உண்மை ஒவ்வொரு வீடாக வெளியே வந்தது. பொன்மாரியில் மனை வாங்கியவர்களில் பாதிப் பேர், நகரம் பக்கத்தில் இருக்கிறது என்று வாங்கவில்லை. நோட்டீசைப் படித்ததுமே இது பொய், இந்த இடம் நிச்சயம் வெகுதூரத்தில்தான் இருக்கும் என்று புரிந்துகொண்டு, யாரோ ஒருவரிடமிருந்து தப்பிக்கத்தான் வாங்கியிருக்கிறார்கள்.

"உங்களை நம்பித்தானே சார் வந்தோம்," என்று சிட்டிபாபு தணிகாசலத்திடம் வந்து வருத்தப்பட்டார். "பொய்னு நினைச்சோம்."

தணிகாசலம் முதல் சில நாட்கள் தரையில் நடக்கவில்லை. தான் எழுதிய ஒரு சொல் உலகத்தில் நடந்துவிட்டதே என்று கண்ணாடி முன்னால் நின்று மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டார். அந்த மீசை இளவயதிலிருந்தே அவருடன் இருப்பது; வாயை முழுக்க மறைத்துத் தொங்குவது; பத்துப் பேர் மதிப்பதற்குத் தன்னிடம் இருக்கும் ஒரே பொருள் அதுதான் என்பது அவர் எண்ணம். ஜெய்புன்னிசா வீட்டிலிருந்து சேமியாப் பாயசம் வந்தது. "தணிகாசலம் வாக்கு பலிக்குதுன்னு ஊரே பேசுது," என்றார் பெருமையோடு அமிர்தவல்லியிடம், தன்னையே வேறு யாரோ போல.

"மூலத்துக்கு எழுதினீங்களே, அது யாருக்காவது பலிச்சுதா?" என்றாள் அவள்.

கோதண்டம் இரண்டாம் மனைப்பிரிவு போட வந்தவர், இந்த முறை 'சொர்க்கம் மிக அருகில்' என்று எழுதித் தரும்படி கேட்டார். தணிகாசலத்துக்கு வியர்த்துவிட்டது. "வேண்டாம் முதலாளி. நீங்க பாட்டுக்கு அருகில்னு போட்டு, வாங்கினவங்க ஒவ்வொருத்தரா கிளம்பிட்டா?" கோதண்டம் யோசித்தார். "அப்ப, வாங்கினால் கோடீஸ்வரர்னு எழுதேன்." "அதை முதல்ல என் பேருக்கு எழுதிப் பார்த்துட்டேன். ஒண்ணும் நடக்கல." கோதண்டம் நம்பாமல் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். பழைய மிக்சியைப் பார்த்ததும் நம்பினார்.

இத்தனை பெயர்கள் காற்றில் வந்தும், 'தணிகா' என்று ஒரு குரல் வரவில்லை. அதைத்தான் அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்வதற்காகச் சாயங்காலமானால் வாசலில் நாற்காலி போட்டு, செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அவருடைய அக்கா நாகபூஷணம் அயனாவரத்தில் இருந்தாள். பிள்ளைகள் இல்லை, கணவர் காலமாகிவிட்டார், மாடியைக் குடித்தனத்துக்கு விட்டுக் கீழே தனியாக இருந்தாள். தணிகாசலத்துக்கு அவளைவிட நெருங்கிய சொந்தம் கிடையாது. வீடு கட்டிப் புதுமனை புகுவிழா நடத்திய அன்று, தம்பிக்கு என்று அவள் ஆளுயரத்தில் பாதி வருகிற ஒரு குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நோட்டீசைப் படித்துவிட்டு, பக்கத்தில்தானே என்று பஸ்ஸில் கிளம்பி, தவறான இடத்தில் இறங்கி, பைபாஸ் ஓரமாக வெயிலில் விளக்கைத் தோளில் சாத்திக்கொண்டு நடந்து, பூஜை முடிந்து எல்லோரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்த பிறகு வந்து சேர்ந்தாள். முகம் கருத்து, காலில் ஒரு செருப்பு அறுந்து, பந்திக்கு நடுவில் நின்று, "கூப்பிடு தூரம்னு எழுதின மகராசன் யாருடா? அவனை இந்த வெளக்கைத் தூக்கிக்கினு ஒரு தடவை நடக்கச் சொல்லு" என்றாள். பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் அந்த வரியைப் படித்து மனை வாங்கியவர்கள்தான். அவர்கள் சிரித்த சிரிப்பில் ரசம் சிந்தியது. கோதண்டமும் சிரித்தார்.

தணிகாசலம் எல்லோருக்கும் கேட்கும்படி, "வர மனசு இல்லாதவங்களுக்கு எல்லாமே தூரம்தான்" என்றார்.

அவள் விளக்கைச் சுவரோரம் வைத்துவிட்டு, சாப்பிடாமல், அறுந்த செருப்போடு திரும்பிப் போய்விட்டாள். அதைவிட வெட்கக்கேடு என்னவென்றால், தான் அவளிடம் சொன்ன வரி நன்றாக அமைந்துவிட்டதென்று அவருக்கு அன்று இரவு வரை உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது. எந்தக் கம்பெனிக்காவது பயன்படுமா என்றுகூட நினைத்தார். அதன் பிறகு திருப்தி போய், கூச்சம் வந்து, கூச்சம் முற்றிக் கோபமாகிவிட்டது. ஆரம்பத்தில் அவள் போன் செய்தாள், அவர் எடுக்கவில்லை. அப்புறம் அவள் செய்யவில்லை. அதற்கும் அவர் கோபப்பட்டார். அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லையா என்று யாராவது கேட்டால், எங்கேங்க, ரொம்ப தூரம் என்று சொல்லப் பழகியிருந்தார். அவள் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவதால் சொந்தக்காரர்களும் அவரிடம் அவளைப் பற்றி எதுவும் சொல்வதை நிறுத்திவிட்டார்கள்.

இப்போது தூரம் என்ற சாக்கும் கையை விட்டுப் போய்விட்டது.

"நீங்கதான் ஒரு தடவை கூப்பிடுங்களேன்," என்றாள் அமிர்தவல்லி.

"அவங்களுக்கு வாய் இல்லையா?"

"அவங்களுக்கு இருக்கு. ஆனா வார்த்தையை வித்துப் பொழைக்கிறது நீங்கதானே."

மறுநாள் உச்சி வெயிலில், மேடு காலியாக இருக்கும் நேரம் பார்த்து, கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பை ஒன்றை எடுத்துக்கொண்டு தணிகாசலம் மண்மேட்டில் ஏறினார். கீழே கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கிழக்கே நகரம் புழுதிக்குள் மங்கலாகக் கிடந்தது. என்ன சொல்வது என்று அவர் காலையிலேயே யோசித்து வைத்திருந்தார், இரண்டு மூன்று வரிகள், எல்லாம் நன்றாகவே வந்திருந்தன. மேட்டில் நின்றதும் ஒன்றும் நினைவில்லை. சங்கத்தின் விதியும் நினைவில்லை. அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவருக்குப் பழக்கமும் இல்லை. வாயைத் திறந்தார். "அக்கா" என்று மட்டும் வந்தது.

நகரத்தில் இருந்த அக்காக்கள் எல்லோரும் பதில் சொன்னார்கள்.

முதலில் மழை வருவது போல ஒரு இரைச்சல். பிறகு அது குரல்களாகப் பிரிந்தது. என்னடா என்றார்கள், இன்னாடா என்றார்கள், ஏன்டா தம்பி, என்னப்பா, சொல்லும்மா என்றார்கள். சௌகார்பேட்டைப் பக்கமிருந்து தெலுங்கில் ஏமிரா என்றது ஒரு குரல். முரளியா, சம்பத்தா, ஞானப்பிரகாசமா, யூசுப்பா, யார்றா அது என்றார்கள். சாப்டியா என்றார்கள், குரல் ஏன் இப்படி இருக்கு, குடிச்சிருக்கியா என்றார்கள், அவ ஏதாச்சும் சொன்னாளா என்றார்கள், புள்ளைங்க நல்லாருக்காங்களா, வேலை போயிருச்சா, உடம்புக்கு என்ன என்றார்கள். எங்கேயோ தண்டையார்பேட்டைப் பக்கம் ஒருத்தி, நீ இருக்கியாடா, நீ செத்துட்டேன்னு இல்ல சொன்னாங்க என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். தணிகாசலம் பையை மார்போடு பிடித்துக்கொண்டு அத்தனை குரலுக்குள்ளும் ஒரு குரலைத் தேடினார். அதைப் போலவே கரகரப்பாக நாலைந்து வந்தன. அது வரவில்லை.

நான் உங்கள் தம்பி இல்லை என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லக்கா, சும்மாதான் கூப்பிட்டேன்" என்றார். நகரம் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. அதன் பிறகு திட்டு விழுந்தது. சும்மா கூப்பிடறதுக்கு நேர்ல வந்தா என்ன, கால் உடைஞ்சா போயிருக்கு என்றார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நகரத்தில் கறிக்கடைகளில் கூட்டம் தாங்கவில்லை என்றும், வருஷக்கணக்கில் பேசாமலிருந்த தம்பிமார்கள் பலர் எதற்கு அழைக்கப்பட்டோம் என்று தெரியாமலே அக்காமார் வீடுகளில் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள் என்றும் பொன்மாரிக்காரர்கள் பிறகு கேள்விப்பட்டார்கள்.

தணிகாசலம் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவில்லை. ஊரிலுள்ள அக்காக்கள் எல்லோரும் பதில் சொல்லி, தன் அக்கா மட்டும் வாயைத் திறக்கவில்லை என்றால் அது எவ்வளவு பெரிய கோபமாக இருக்க வேண்டும் என்று முதலில் நினைத்தார். அமிர்தவல்லிதான், "கோபம்னா திட்டியிருப்பாங்களே, சும்மா இருக்கிறவங்களா அவங்க?" என்றாள். அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது. போட்டிருந்த சட்டையோடு கிளம்பி, அணுகுசாலையில் நடந்து, சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி ஏறி, பைபாஸ் ஓரம் நின்று பஸ்ஸுக்குக் கையை நீட்டினார். பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் கோழி ஏற்றிவந்த ஒரு வேன் நின்றது. கோழிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இறங்கி, பஸ் மாறி, இன்னொரு பஸ் மாறி, அயனாவரம் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வழியெல்லாம் தன் நோட்டீசு வரியை அவர் மனதுக்குள் திட்டிக்கொண்டே போனார்.

கதவு திறந்துதான் இருந்தது. நாகபூஷணம் கூடத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முதுகு முன்னைவிட ஒடுங்கியிருந்தது. உயிரோடு இருக்கிறாள் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. வாசற்படியில் நின்று, "அக்கா" என்றார்.

அவள் திரும்பவில்லை.

இன்னொரு தடவை கூப்பிட்டார். கீரைக் காம்பை ஒடித்து ஓரமாகப் போட்டாளே தவிரத் திரும்பவில்லை. சரி, இவ்வளவு தூரம் வந்தும் முகம் பார்க்க மாட்டேன் என்கிறாள், நமக்கு இது வேண்டியதுதான் என்று செருப்பில் காலை நுழைக்கப் போனவரை, மாடிப்படியில் இறங்கிவந்த குடித்தனக்காரப் பெண் நிறுத்தினாள்.

"எங்கேருந்து கூப்பிட்டாலும் கேக்காதுங்க அவங்களுக்கு. முன்னாடி போய் நில்லுங்க."

அவர் சுற்றிப் போய் முன்னால் நின்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த கீரையைத் தட்டில் போட்டாள். மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்துவிட்டு, "இன்னாடா சட்டையெல்லாம் கோழி இறகு?" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. பிறகு, "உக்காரு. சாப்டியா?" என்றாள்.

தணிகாசலம் தரையில் உட்கார்ந்து ஏதேதோ சொன்னார். அவள் அவர் வாயையே உற்றுப் பார்த்தாள். "காது போயிருச்சுடா. ரெண்டு மழைக்கு முன்னாடி ஒரு ஜுரம் வந்துச்சு, போவும்போது இதையும் எடுத்துக்கினு போயிருச்சு. யாரு பேசினாலும் வாயைப் பாத்துத் தெரிஞ்சுக்குவேன். உன்னுது ஒண்ணும் தெரில. மீசைதான் தெரியுது."

அவர் சட்டைப் பையில் துழாவிப் பேனாவை எடுத்து, ஒரு பழைய நோட்டீசின் பின்பக்கத்தில் எழுதினார். 'கடந்தகாலக் கசப்புகள் யாவும் காற்றோடு போகட்டும்' என்று தொடங்கியது அது. அவள் எட்ட வைத்துப் படித்துவிட்டு, "எவ்ளோ கிரவுண்டுடா இந்த மனை?" என்றாள். அவர் அதைக் கிழித்துவிட்டு எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அவர் தெருமுனை சலூனுக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்து, மீசையை எடுத்துடுங்க என்றார். ஓரத்துல கொஞ்சம் விட்டு வைக்கட்டுமா என்று அந்த ஆள் ஒன்றுக்கு மூன்று முறை கேட்டான். முழுசா எடுங்க என்றார். கண்ணாடியில் அவருக்குத் தெரிந்த முகம், மேலுதடு நீண்டு, வெளுத்து, உரித்த கோழி மாதிரி இருந்தது. இதற்குள்ளாகவா இத்தனை வருஷம் ஒளிந்திருந்தோம் என்று அவருக்கே சிரிப்பு வந்தது.

திரும்பி வந்தபோது நாகபூஷணம் அவரை அடையாளம் தெரியாமல் யாருங்க என்று கேட்டுவிட்டு, தெரிந்ததும் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, இருமல் வரும் வரை சிரித்தாள். அவர் அவளுக்கு நேராக உட்கார்ந்து, மொட்டை உதட்டை நன்றாக அசைத்து, சத்தமே இல்லாமல், "தப்பு என்னுதுக்கா" என்றார்.

"தெரியும்," என்றாள் அவள்.

அவர் கை கழுவ எழுந்தார். முருங்கைக்கீரையும் சோறும் சாப்பிட்டார்கள். மறுநாள் அவளை அழைத்துக்கொண்டு கிளம்பினார். இந்த முறை பஸ் நின்றது. வயசான பொம்பளை ஒருத்தி நடுரோட்டில் வந்து நின்றுகொண்டு, நிறுத்துடா என்று கத்தினால் எந்த டிரைவராலும் போக முடியாது. பொன்மாரியில் அமிர்தவல்லி கதவைத் திறந்து, நாத்தனாரைக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் ஆளைப் பார்த்து யார் இவர், டிரைவரா என்றாள். வீட்டுக்குள் குத்துவிளக்கு துடைத்து வைத்தபடி இருந்ததைப் பார்த்த நாகபூஷணம் புடவைத் தலைப்பால் அதை இன்னொரு தடவை துடைத்தாள். இரண்டு நாள் கழித்து, "ஏதோ மேடு மேடுன்றாளே உம் பொண்டாட்டி, அதைக் காட்டு" என்றாள்.

சாயங்காலக் கூட்டம் அது. மேடு கொள்ளாமல் ஜனம். லேத்துக்காரரே என்று ஜெய்புன்னிசாவும், ராயபுரத்து மைத்துனருக்கு மறுப்புச் சொல்லிக்கொண்டு சிட்டிபாபுவும், ஆளாளுக்குக் கையை வாயில் குவித்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். நகரம் திருப்பிக் கத்திக்கொண்டிருந்தது. கீழே பைபாஸில் லாரிகளின் ஹாரன் நெஞ்சில் வந்து இடித்தது. நாகபூஷணம் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி, கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, காற்று முகத்தில் அடிக்கக் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றாள். காது கேட்காதவர்கள் தங்கள் குரலின் அளவு தெரியாமல் பேசுகிற அந்தப் பெரிய குரலில், மனநிறைவோடு சொன்னாள்:

"இங்க எவ்ளோ அமைதியா இருக்குடா, தணிகா."

மேட்டில் இருந்தவர்கள் கையை வாயிலிருந்து எடுத்தார்கள். நகரம் முழுக்க அது கேட்டது. அங்கேயும் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. மார்க்கெட்டுகளிலும் பஸ் நிலையங்களிலும் ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டு மேற்கே பார்த்தார்கள் என்று சொல்கிறார்கள். அப்படியொரு அமைதியை அந்தப் பக்கத்தில் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. கோதண்டம் இதற்காக எத்தனை வண்ணத்தில் அச்சடித்திருந்தாலும் கிடைத்திருக்காது.

பிறகு, கொளத்தூர்ப் பக்கமோ பெரம்பூர்ப் பக்கமோ ஓர் ஆண் குரல், தயக்கத்தோடு, மரியாதையாக, "சார், அங்க இடம் ஏதாவது இருக்குங்களா? சிட்டியிலேருந்து எவ்ளோ தூரம்?" என்று கேட்டது.

எல்லோரும் தணிகாசலத்தைப் பார்த்தார்கள். அவர் அக்காவைப் பார்த்தார். அவள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப தூரங்க," என்றார் அவர். அது நகரத்தின் கடைசித் தெரு வரைக்கும் தெளிவாகக் கேட்டது.